நுனியில் உட்கார்ந்தது

மாரித்தங்கம் குழாயின் திருகை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே கம்பியில் தொங்கிய கண்ணாடிக் குடுவையிலிருந்து காஸ்டிக் தண்ணீர் இறங்கி, குழாய் மூக்கில் திரண்டு, கனத்து, விழலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தொங்கி, பிறகு பானைக்குள் விழுந்தது. பானை என்றால் மண்பானை இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டீல் தொட்டி, அடியில் சூடு, நடுவில் நிற்காமல் சுற்றுகிற ஒரு துடுப்பு. எல்லோரும் பானை என்றதால் அவளும் பானை என்றாள். சொட்டு விழுந்த இடத்தில் துத்தநாக உப்புத் தண்ணீர் சட்டென்று வெளுக்கும், துடுப்பு வந்து அந்த வெளுப்பை இழுத்துக்கொண்டு போகும், அதற்குள் அடுத்த சொட்டு. ஒரு மூச்சுக்கு ஒரு சொட்டு. கோகுலன் சார் கடிகாரம் வைத்துச் சொன்னதை அவள்தான் மூச்சுக்கு மாற்றிக்கொண்டாள்; கடிகாரத்தைப் பார்த்தால் சொட்டைப் பார்க்க முடியவில்லை, சொட்டைப் பார்த்தால் கடிகாரம் ஓடிப்போகிறது. மூச்சு என்றால் தானாக வரும். ஆனால் மூச்சை நினைத்துவிட்டாலோ அது தானாக வருவதில்லை. நெஞ்சுக்குள் யாரோ பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் மொத்தமாக விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு வருகிறது, அதற்குள் சொட்டு பிந்திப்போகிறது. இதோ பிந்திப்போனது. இந்த ஒரு சொட்டினால்தான் எல்லாம் கெடப்போகிறதோ, போன தடவையும் இப்படி ஒரு பெருமூச்சு விட்டேனே, அன்றைக்கு எதற்கு விட்டேன், ரித்திகாவுக்கு வயிற்றாலே போனது, அதை நினைத்து விட்டேன், அப்படியானால் பிள்ளைக்கு வயிற்றாலே போனதால்தான் பொடி கெட்டுப்போனதா, இது என்ன கூறுகெட்ட நினைப்பு, சொட்டைப் பாரு, சொட்டைப் பாரு. முகமூடிக்குள் அவள் விட்ட மூச்சே அவள் கண்ணுக்குத் திரும்பி வந்து சுட்டது. வேர்வை மூக்கோரம் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. ஒரு கை திருகில், மறு கை பானை விளிம்பில், பானை ஆடாமல் இருக்க. ஆடினால்தான் என்ன. ஆடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் பிடித்துக்கொண்டாள். எதனால் கெடுகிறது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்று தடவை கெட்டாயிற்று. மூன்று தடவையும் சொட்டுவிட்டு, வடிகட்டி, அலசி, காயவைத்து, அடுப்பில் சுட்டு, பார்க்கப் பால்பவுடர் மாதிரி வெள்ளையாகத்தான் வந்தது. கையில் எடுத்தால் வழுவழு என்று இருந்தது. அதை ஒரு சின்ன டப்பியில் போட்டு மதுரைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு பெரிய மிசின், பொடியை வீடு அளவுக்குப் பெரிதாக்கிப் படம் எடுத்துக் கொடுக்குமாம். படம் சாரின் போனில் வந்து விழும். அவர் முகத்தைப் பார்த்தாலே போதும், படத்தைப் பார்க்க வேண்டாம். ஆனாலும் காட்டுவார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம், கோபத்தில்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார், அதுதான் இன்னும் கஷ்டம். "பாருங்க மாரித்தங்கம். நமக்கு வேண்டியது ஊசி ஊசியா. வந்திருக்குறது தட்டு தட்டா. மறுபடியும் தட்டுத்தானுங்க." முதல் படத்தை, அவளுக்கு முன்னால் இந்த வேலையில் நின்ற வெயிலுகந்தாள் அக்கா காலத்துப் படத்தை, பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதில் தென்னந்துடைப்பத்தை அவிழ்த்துக் கொட்டின மாதிரி குச்சி குச்சியாக. அவளுடையதில் அப்பளம் அடுக்கின மாதிரி. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அவ்வளவுக்குத்தான் பெங்களூர்க்காரன் வாங்கமாட்டேன் என்கிறான். கேஸ் கசிந்தால் கூவுகிற ஒரு பொட்டிக்குள்ளே இந்தப் பொடியைப் பூசுவார்களாம், ஊசியாக இருந்தால்தான் அது கேஸை மோப்பம் பிடிக்குமாம், அப்பளம் மோப்பம் பிடிக்காதாம். அவள் வீட்டில் கேஸ் அடுப்பு மேலே அப்படி ஒரு பொட்டி கிடையாது. மாமியார் மூக்குத்தான். இந்தத் தடவையும் தட்டு வந்தால் இந்த அறையைப் பூட்டிவிடலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சாருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கும், படித்தவர். மாரித்தங்கம் மறுபடியும் மூட்டை கட்டுகிற ஷெட்டுக்குப் போகணும். அந்த ஷெட்டு காம்பவுண்டின் கடைசியில், உப்பளம் பக்கம். அங்கேயிருந்து நடுவில் எழுந்துபோய்ப் பால் கொடுத்துவிட்டு வர விடமாட்டார்கள். இங்கே என்றால் ஜன்னலைத் தாண்டினால் கம்பெனி கேட்டு, கேட்டுப் பக்கத்தில் பிள்ளைகளைப் போட்டுவைக்கிற அறை, பிச்சம்மா ஆயா ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். ரித்திகாவுக்கு புட்டிப்பால் ஒத்துக்கொள்ளவே இல்லை. வாயில் வைத்தால் நாக்கால் தள்ளிவிட்டு அவளைப் பார்க்கிறது, என்னை என்ன செய்யப் பார்க்கிறாய் என்கிற மாதிரி ஒரு பார்வை. ஷெட்டுக்குப் போனால் பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படித் தள்ளிக்கொண்டே கிடக்கும். நினைத்ததும் ரவிக்கைக்குள் நனைந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த துணி ஒரு பக்கம் கனத்தது. அதற்கும் நேரம் காலம் கிடையாது, நினைத்தாலே போதும். சொட்டு. சொட்டு. இங்கே நின்றுகொண்டு இரண்டு இடத்தில் சொட்டுகிறேன் என்று ஒரு நினைப்பு வந்து, சிரிப்பு வரப் பார்த்து, வரவில்லை.

வாயைத் திறந்து இதைச் சாரிடம் சொல்லியிருக்கலாம். சார், என்னை ஷெட்டுக்கு அனுப்பாதீங்க, பிள்ள சின்னது. பத்துச் சொல்கூட இல்லை. ஆனால் அவர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். வாசிக்கச் சொல்லி எழுப்பிவிட்டால் எழுத்து தெரியும், வாய் திறக்காது, டீச்சர் பிரம்பை மேசையில் தட்டத் தட்ட இன்னும் இறுகிக்கொள்ளும், கடைசியில் ஆறாவதோடு நின்றபோது நிம்மதியாகத்தான் இருந்தது. புருசன் முத்துராஜ்கூடக் கேலி பண்ணுவான், "ஒனக்கு ஊமச்சின்னு பேரு வச்சிருக்கலாம், ஒரு காசு செலவில்லாம நெசமாயிருக்கும்" என்று. நல்லவன்தான். ஆனால் எல்லோருக்கும் அவள் பேசாததில் ஒரு சௌகரியம் இருக்கிறது. காலையில், கூட வேலை பார்க்கிற சகாயமேரி அக்கா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "எதுக்கும் கைராசி வேணும்ட்டி. வெயிலுகந்தா கண்ண மூடிக்கிட்டு ஊத்துவா, ஊசியா வந்து விழும். நீ சாமியார் மாதிரி மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிக்க, தட்டு தட்டா வருது. பேசாம ஓட்டல் வைக்கலாம் நம்ம, தட்டுக்குப் பஞ்சமே இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்ததுதான் இப்போது தாங்கமுடியவில்லை. ஏன் சிரித்தேன். கைராசியாம். அந்த வெயிலுகந்தாள் அக்கா பானையைக் கழுவினதைப் பார்த்திருக்கிறார்களா இவர்கள். கழுவினால்தானே. ஒரு செம்புத் தண்ணீரை விட்டுச் சுழற்றி ஊற்றிவிட்டுப் போவாள், பானை ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டிக் கிடக்கும், அடுத்த நாள் அதிலேயே ஊற்றுவாள். மாரித்தங்கம் வந்த அன்றைக்கு அந்தப் பானையைப் பார்த்து அருவருத்துப்போனாள். பின்பக்கம் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுப் பானை கொடுத்தார்கள். அதை அவள் எப்படி வைத்திருக்கிறாள், முகம் தெரியும். முதல் தடவை கெட்டபோது சார் சொன்னார், "பானை சுத்தம் பத்தலைங்களோ என்னமோ." அன்றைக்குச் சாயங்காலம் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியைக் கரைத்துத் தடவி ஊறவைத்துத் தேய்த்தாள், குத்துவிளக்குக்குத் தேய்க்கிற மாதிரி. அந்த வெள்ளைப் பொருக்கு சோப்புக்கு அசையாது, புளிக்கு மளமளவென்று விட்டுக்கொடுத்தது. அதற்கு முன்னாலேயும் தேய்த்தது புளிதான், முதல் நாளிலிருந்தே, ஆனால் கொஞ்சம். இரண்டாவது தடவை கெட்டபோது, "இன்னும் சுத்தமா இருந்தாத் தேவலைங்க" என்றார். இன்னும் புளி. துடுப்புக் காம்பின் அடியில், வளையம் மாட்டுகிற இடுக்கில்கூட விரலை விட்டு விட்டு. மூன்றாவது தடவை அவர் பானையை ஒருதரம் பார்த்ததோடு சரி. அந்தப் பார்வைக்கு நேற்று தேய்த்த தேய்ப்பில் இன்னும் தோள்பட்டை வலிக்கிறது. அலசத் தண்ணீர்தான் பத்தாது. இந்த ஊர்த் தண்ணீர் உப்பு, அதைப் பானையில் விடக்கூடாது, கேனில் வருகிற நல்ல தண்ணீரைத்தான் விடணும், அதைக் கூட எடுத்தால் ஸ்டோர்க்காரன், "என்ன தங்கம், குளிக்கவா போற?" என்பான். இரண்டு மக்கு விட்டு ஊற்றிவிடுவாள். கண்ணாடி மாதிரி இருக்கும். இதைவிடச் சுத்தமாக ஒரு மனுஷி எப்படித்தான் வைப்பது.

சொட்டு. துடுப்பு. பானைக்குள் இப்போது நன்றாக வெளுத்து, மோர் பதத்துக்கு வந்திருந்தது. இதற்குள் ஊசி முளைத்துக்கொண்டிருக்கணும். முளைக்கிறதா என்று குனிந்து பார்த்தால் தெரியுமா. தெரியாது என்று தெரிந்தும் குனிந்தாள். கர்ப்பமாக இருந்தபோதும் இப்படித்தான் வயிற்றைக் குனிந்து குனிந்து பார்த்தாள், உள்ளே ஒழுங்காக முளைக்கிறதா, விரல் எல்லாம் இருக்கிறதா, எதுவும் கூடவோ குறையவோ இருந்தால் பழி அவளுக்குத்தான் வரும். இந்தப் பொடியில் குறையும் வேணுமாம். அதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை. சார் ஒருநாள் நல்ல மனநிலையில் இருந்தபோது சொன்னார், ஊசிக்குள்ளே அங்கங்கே ஒரு சின்ன காலியிடம், ஒரு அணு இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல், அப்படிக் கொஞ்சம் குறை இருந்தால்தான் கேஸ் வந்து அதில் ஒட்டும், ஒரு குறையும் இல்லாவிட்டால் ஒட்டாது, ரொம்பக் குறை இருந்தால் பொடி மஞ்சள் பூத்துப் போகும். அளவான குறை. வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும். பருப்பு கொஞ்சம் வேகாமல் இருந்தால் இதுவும் வேணும்மா என்று. அந்தக் காலியிடத்தை அடுப்புச் சூட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார், உருவம்தான் இங்கே பானையில், சொட்டும்போதே தீர்மானமாகிவிடும். அன்றைக்கு அவர் ஒரு பென்சிலை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். "இது ஒரு ஊசிங்க. இது எப்படி நீளுது? நுனியில வந்து வந்து உக்காருது. புதுசா வர்ற துத்தநாகம் நுனியிலதான் உக்காரும், அதுக்கு அங்கதான் புடிக்கும். அப்ப நுனியில வேற யாராச்சும் வந்து உக்காந்துட்டா?" அவரே சொன்னார், "நீள முடியாதுங்க. பக்கத்துலதான் அகலும். தட்டாயிரும். நுனியில யாரோ உக்காந்துக்கறாங்க மாரித்தங்கம். யாருன்னுதான் தெரியல." பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவன் மாதிரி ஒருத்தன் அவள் கண்ணுக்கு வந்தான். பல் குத்திக்கொண்டு, நகரமாட்டேன் என்று. யாரடா நீ. எங்கேயிருந்து ஏறினாய். உன்னால்தானே என் பிள்ளை பட்டினி கிடக்கப்போகிறது. சூட்டைக் கூட்டினார் சார், அவன் இறங்கவில்லை. சூட்டைக் குறைத்தார். துடுப்பை வேகமாகச் சுற்றவிட்டார், மெதுவாகச் சுற்றவிட்டார். சொட்டின் வேகத்தை மாற்றினார். உப்பை வேறு கடையில் வாங்கினார். அவன் அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

வெள்ளைக்குள் ஒரு பழுப்பு தெரிந்தது. துடுப்போடு ஒருதரம் சுற்றி வந்து மறைந்தது. முடியாக இருக்கும். தொப்பிக்குள் முடி எல்லாம் இருக்கிறதா என்று கையை எடுக்கப் போய், எடுக்காமல், அடுத்த சுற்றுக்குக் காத்தாள். சொட்டு. மறுபடியும் வந்தது. முடி இவ்வளவு தடியாக இருக்காது. துடைப்பக் குச்சிச் சிலும்பு, சாக்கு நூல், பல்லிவால், ஐயோ பல்லியா. பக்கத்தில் கிடந்த கண்ணாடிக் குச்சியை எடுத்து, வரும்போது ஒரு ஓரமாகத் தூக்கினாள். குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தது. இத்துனூண்டு நார். வளைந்து, சிவந்து, ஒரு பக்கம் விதைத்தோல் ஒட்டினது. தினமும் இதைத்தான் பிசைந்து பிழிந்து சக்கையைத் தூரப் போடுகிறாள், இதைத் தெரியாதா. புளி நார். துடுப்புக் காம்பின் இடுக்கில் இருந்திருக்கும், நேற்று விரலை விட்டுத் திணித்தேனே அங்கேயிருந்து, சூட்டுக்கு இளகி வந்திருக்கிறது. எடுத்தாயிற்று, நல்லதாகப் போயிற்று, சார் பார்ப்பதற்கு முன்னால், என்று குச்சியை முந்தானையில் துடைக்கப் போனவள் துடைக்கவில்லை. நார் வந்தால் சாறும் வந்திருக்கும். நாரை எடுத்துவிடலாம், சாறு எங்கே. ஊறவைத்த சாறு இரண்டு மக்குத் தண்ணீரில் போயிருக்குமா. இல்லை, இருக்காது, இது இருக்காது, புளி சாப்பிடுகிற சாமான், அது என்ன செய்யும், அது சுத்தம் பண்ணத்தானே செய்யும், எத்தனை வீட்டில் எத்தனை பாத்திரம். வெயிலுகந்தாள் கழுவவே மாட்டாள். அவளுக்கு ஊசி வந்தது. நான் கழுவினேன், தட்டு வந்தது. கொஞ்சம் கழுவினேன், கொஞ்சம் தட்டு. நிறையக் கழுவினேன், சார் போனில் இரண்டாவது படத்தைவிட மூன்றாவது படத்தில் தட்டு இன்னும் அகலமாக, இன்னும் மெல்லிசாக, சகாயமேரி அக்காகூட, "நல்லாத் தேறிட்ட, இப்பத்தான் அப்பளம் பெருசாருக்கு" என்று. ஜன்னலோர சீட்டில் பல் குத்திக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். அவனை ஏற்றிவிட்டது அவள்தான். கையைப் பிடித்து ஏற்றி, இடம் பிடித்துக் கொடுத்து, ஒவ்வொரு சாயங்காலமும் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்து. தோள்பட்டை வலிக்க வலிக்க. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத எரிச்சல், புளி மேல், பானை மேல், சுத்தம் சுத்தம் என்று சொல்லிவிட்டு எதைப் போட்டுத் தேய்க்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காத சார் மேல், கேட்காமலே சொல்லத் தெரியாத தன் வாய் மேல். கை மட்டும் பழக்கத்தில் சொட்டை விட்டுக்கொண்டிருந்தது. எதற்கு விடுகிறேன். இதுவும் தட்டுத்தான். நேற்றுப் போட்ட புளிக்கு இது தாம்பாளமாகத்தான் வரும். விடாமல் நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்பார்கள். நிறுத்தாமல் முடித்துவிட்டால் மதுரைக்குப் போகும், படம் வரும், கைராசி இல்லை என்பார்கள், அறையைப் பூட்டுவார்கள், அவ்வளவுதான், யாருக்கும் புளி தெரியப்போவதில்லை. கைராசி இல்லாதவள் என்ற பேர் பரவாயில்லை, அதற்கு யாரும் திட்டமாட்டார்கள், பாவம் என்பார்கள். வெளிச் சாமானைப் பானையில் போட்டவள் என்றால் ஷெட்டில்கூட வைத்துக்கொள்வார்களோ என்னமோ. பேசாமல் இருந்தால் ஷெட்டு. பேசினால் வீடு. பேசாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த வேலை. சொட்டு. சொட்டு. அது பானைக்குள் விழுந்து வெளுத்து, துடுப்பு இழுத்துக்கொண்டு போய், எங்கேயோ ஒரு நுனியைத் தேடி, அங்கே இடமில்லாமல், பக்கவாட்டில் ஒதுங்கி. பார்க்கப் பார்க்க மாரித்தங்கத்துக்குத் தாங்கவில்லை. விரல் திருகை இறுக்கிவிட்டது. ஒரு சொட்டு குழாய் மூக்கில் தொங்கி நின்றது, விழவில்லை. துடுப்பு சுற்றும் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

சொட்டுச் சத்தம் நின்றது பக்கத்து அறை வரைக்கும் தெரியும் போலிருக்கிறது. கோகுலன் சார் வந்துவிட்டார், கையில் பாதி குடித்த டீ. "ஏனுங்க நிறுத்துனீங்க? பாதியில நிறுத்துனா போச்சுங்களே." அவள் கண்ணாடிக் குச்சியை நீட்டினாள். அது போதும் என்று நினைத்தாள். படித்தவர், பார்த்தால் தெரிந்துகொள்வார். அவர் கிட்டே வைத்துப் பார்த்து, "என்னதுங்க இது, தேங்காய் நாருங்களா?" என்றார். நாக்கு மேலண்ணத்தில் ஏறி ஒட்டிக்கொண்டது. டீச்சர் பிரம்பு மேசையில் தட்டியது. முகமூடியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டாள், அதனால்தான் பேச்சு வரவில்லை என்கிற மாதிரி. "புளி, சார்." "என்னது?" "புளி. கொழம்புக்குப் போடுத புளி. பானைய நான் புளி போட்டுத்தான் தேய்ச்சேன்." அவர் நாரைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், அதில் தெரிந்த தன் முகத்தைக்கூடப் பார்த்தார் போலிருந்தது. டீயை வைக்க இடம் தேடி, கிடைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு கவிழ்த்துக் கிடந்த டிரம்மின் மேல் உட்கார்ந்தார். "மூணு தடவையுமா?" "மூணு தடவையும் சார். இதோட நாலு." "நான் சூட்டை மாத்தி, உப்பை மாத்தி... ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?" "நீங்க கேக்கலியே சார்." சொன்னபிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கு உறைத்தது. இப்போது எழுந்து கத்துவார், கத்தட்டும், 'ங்க' போடாமல் கத்தினாலும் சரி. அவர் கத்தவில்லை. நெற்றியை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். "மேனேஜர்கிட்ட நான் என்னத்தைங்க சொல்லட்டும்? புளின்னா சொல்றது?" என்றார், அவளிடம் இல்லை, டீயிடம். பிறகு நிமிர்ந்தார். கண் வேறு மாதிரி இருந்தது, பென்சிலை நிமிர்த்திப் பிடித்த அன்றைக்கு இருந்த மாதிரி. "எவ்வளவுங்க போட்டீங்க? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு? எவ்வளவு நேரம் ஊறுச்சு? யோசிச்சு, விடாமச் சொல்லுங்க." யோசிக்க என்ன இருக்கிறது. "மொத நாளு நெல்லிக்கா அளவு சார், சும்மா ஒரு தேய்ப்பு, ஊறலாம் போடல. நீங்க சுத்தம் பத்தலன்னீங்கள்லா, அன்னைக்கு எலுமிச்சங்கா அளவு, சாயங்காலம் தடவி வச்சிட்டுப் போயி காலைல வந்துதான் அலசுனேன். அதுக்கு அடுத்தது பழைய புளி, நல்லாக் கறுத்தது, அது சின்ன உருண்டைனாலும் புளிப்பு ஜாஸ்தி சார், அதையும் கணக்குல எடுத்துக்கிடணும்," என்று அவள் கையால் அளவு காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள், உருண்டைக்கு ஒரு விரல் மடக்கு, கரைசலுக்கு ஒரு விரல் மடக்கு, அவர் தலையை ஆட்ட ஆட்ட அவள் குரல் இன்னும் பலமாக வந்தது, இவ்வளவு குரல் தனக்குள் எங்கே கிடந்தது என்று கேட்க நேரமில்லாமல், "நேத்து மட்டும் சார், கைநெறைய, ரெண்டு கையும் சேத்து, அந்தக் காம்பு இடுக்குல" என்றபோது ஜன்னலுக்கு வெளியே பிச்சம்மா ஆயா, "ஏ தங்கம்! ஏட்டி! பிள்ள தொண்டயக் கிழிச்சிட்டு அழுவுது, காது என்ன செவிடா? வாட்டி சீக்கிரம்!" என்று கத்த, ரவிக்கை முழுக்க நனைந்து, கால் தானாக வாசல் பக்கம் திரும்பி, முகம் மட்டும் திரும்பாமல், "வாரேன் ஆயா, ஒரு நிமிசம், சார்ட்ட நான் இன்னும் சொல்லி முடிக்கல!" என்று திருப்பிக் கத்தினாள்.